வண்டிக்குப் பின்னாடி எழுதின பேரு

பழனி ரோட்டுல ஒரு மடம் இருக்கு. மடம்னதும் கோபுரம், யானைன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு ஓட்டு வீடு, ஒரு வேப்பமரம், தண்ணி எறைக்க ஒரு மோட்டார். அவ்ளோதான்.

அங்க வடிவம்மைன்னு ஒரு சாமி இருக்காங்க. வயசு நாப்பதுகூட ஆகல. காவி சேலை, ரப்பர் செருப்பு. யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க. பாதிப் பேருக்கு அந்தச் சும்மாவுலயே பதில் கெடச்சிரும், எந்திரிச்சுப் போயிருவாங்க.

அவங்க சீடர்ல ஒருத்தர் வேலுமயில். வாடகைக் கார் ஓட்டறவரு. அறுபத நெருங்கிட்டாரு. குருவ விட சீடருக்கு இருபது வயசு ஜாஸ்தி. அதனால அவரு இவங்கள சாமிம்பாரு, இவங்க அவர அண்ணேம்பாங்க. கேக்கவே நல்லாருக்கும்.

சாமி எங்க போனாலும் வேலுமயில் கார்தான். அன்னைக்குப் பொள்ளாச்சியில ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம். காலையிலயே கெளம்பிட்டாங்க. மடத்துக்குளம் தாண்டினதும் போலீஸ் செக்கிங்.

எஸ்.ஐ. காரச் சுத்தி வந்தாரு. பின்னாடி வந்ததும் அப்படியே நின்னுட்டாரு.

"யோவ், இங்க வா. என்னய்யா இது?"

"நம்பர் பிளேட்டு சார்."

"அது தெரியுது. நம்பர் எங்க?"

நியாயமான கேள்விதான். மஞ்சப் பிளேட்டு. மேல் ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி டி.என். அம்பத்தேழுன்னு இருக்கு. மிச்ச எடம் பூராவும் தமிழ்ல பெருசு பெருசா ரெண்டு வார்த்தை. அரு. நடுவுல ஒரு சாண் எடம். மறுபடியும் அரு.

"தமிழ் எண்ணு சார். எட்டு பாக்கறதுக்கு அ மாதிரியே இருக்கும். அஞ்சு பாக்கறதுக்கு ரு மாதிரியே இருக்கும். எட்டு அஞ்சு, எட்டு அஞ்சு. ஆர்.சி. புக்கப் பாருங்க."

பாத்தாரு. எம்பத்தஞ்சு எம்பத்தஞ்சுதான். தப்பில்ல.

"படிக்கறவனுக்கு அரு அருன்னுதான்யா தெரியுது. யாருய்யா அரு?"

வேலுமயில் தரையப் பாத்தாரு. "நம்பர் சார்."

"பொண்டாட்டியா?"

"நம்பர் சார்."

"சரி, நடுவுல எதுக்கு இவ்ளோ எடைவெளி? நாலு நம்பரும் சேந்து வரணும்னு தெரியாது?"

"மூச்சு விட சார்."

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துருச்சு. காருக்குள்ள எட்டிப் பாத்தாரு. காவியப் பாத்ததும் ஒரு கும்பிடு போட்டாரு. ஆனா அபராதத்த விடல. மெஷின்ல தட்டிக்கிட்டே சொன்னாரு.

"சாமிக்கு வண்டி ஓட்டறீங்க, அதனால மரியாதையாச் சொல்றேன். இன்னைக்கே மாத்திருங்க. இன்னொரு தடவ இதே பிளேட்டோட பாத்தேன், வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும்."

கார் கெளம்புச்சு. கரும்புக்காடு போச்சு. தென்னந்தோப்பு போச்சு.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"பிளேட்ட மாத்தித்தான் ஆகணுமா?"

"ஆகணும்."

"மாத்திட்டா அவளுக்கு எப்படித் தெரியும், நான்தான் போறேன்னு?"

"எவளுக்கு?"

ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சாரு. "எம்பத்தஞ்சுக்கு."

சாமி சும்மா இருந்தாங்க. வேலுமயிலால எது வேணா தாங்க முடியும், இந்தச் சும்மாவத் தாங்க முடியாது. கொட்டிட்டாரு.

"எனக்கு ஒரே பொண்ணு சாமி. ஸ்கூல்ல தமிழ் எண்ணு சொல்லிக் குடுத்த அன்னைக்கு ஓடி வந்தா. அப்பா அப்பா, என் பேரு நம்பருப்பா, நான் எம்பத்தஞ்சுப்பான்னு. அன்னையிலருந்து டிபன் பாக்ஸ்ல எம்பத்தஞ்சு. சைக்கிள் மட்கார்டுல எம்பத்தஞ்சு. செவுத்துல அவ உசரத்தக் கோடு போட்டு வச்சிருப்போம், அதுக்குப் பக்கத்துலயும் எம்பத்தஞ்சு. முழுப் பேரச் சொல்ல முடியாது சாமி. அவ அம்மா வச்ச பேரு, அம்மா போயிட்டா. மொட்டுன்னு அர்த்தம்."

"அரும்பா?"

தலைய ஆட்டினாரு. கண்ணு ரோட்டுலயே இருந்துச்சு.

"ஏன் சொல்ல முடியாது?"

"உடுமலையிலதான் கட்டிக் குடுத்தேன். நல்ல பையன், டயர்க்கடை வச்சிருக்கான். மூணு வருஷம் முன்னாடி என் தங்கச்சி மகன் கல்யாணம், பழனியில. மண்டபத்துல நான் குடிச்சிருந்தேன். சொந்தக்காரங்கள பஸ் ஸ்டாண்டுல விடணும்னு சாவிய எடுத்தேன். வெடுக்குனு புடுங்கிட்டா. எங்கப்பா போதையில இருக்காரு, யாரும் வண்டியில ஏறாதீங்கன்னு மைக்குல சொல்லிட்டா சாமி."

"மைக்குலயா?"

"மைக்குல. நாதஸ்வரக்காரரு வாசிக்கறத நிறுத்திட்டு சிரிக்கறாரு."

சாமிக்கும் லேசா சிரிப்பு வந்துச்சு. சேலைத் தலைப்பால மறைச்சுக்கிட்டாங்க. "நீங்க என்ன பண்ணீங்க?"

"வாசல்ல நின்னா மலை தெரியும் சாமி. மலையப் பாத்துக் கைய நீட்டினேன். இந்த வாயால இனிமே உன் பேரச் சொல்ல மாட்டேன், பழனியாண்டவன் மேல சத்தியம்னு சொல்லிட்டேன். சாவிய அவ அத்தை கையில குடுத்துட்டு பஸ் ஏறிப் போனா. போனவதான்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் குடிய விட்டேன், மடத்துக்கு வந்தேன். எல்லாத்தையும் விட்டேன் சாமி, சத்தியத்த மட்டும் விட முடியல. முருகன் மேல பண்ணினதாச்சே. போன் பண்ணலாம்னு எடுப்பேன். எடுத்து என்னன்னு கூப்பிடறது? ஹலோன்னா? பெத்த பொண்ண ஹலோன்னு கூப்பிட வாய் வரல."

"பிளேட்டு எப்போ போட்டீங்க?"

வேலுமயில் முகம் கொஞ்சம் தெளிஞ்சுச்சு. இதச் சொல்றதுல அவருக்கு ஒரு சந்தோஷம்.

"ஒருத்தர் இந்த ஓட்ட வண்டிய விக்க வந்தாரு. நம்பரப் பாத்தேன். எட்டு அஞ்சு எட்டு அஞ்சு. என் நல்ல வண்டியக் குடுத்துட்டு இத வாங்கிட்டேன். எல்லாரும் கிறுக்கன்னாங்க. வாயாலதான சொல்லக்கூடாது? வண்டி சொல்லலாம்ல? அவள ஒரு தடவ கூப்பிட்டாத் திரும்ப மாட்டா சாமி, சின்னதுல இருந்தே அப்படித்தான். ரெண்டு தடவ கூப்பிடணும். நடுவுல கொஞ்சம் விட்டுக் கூப்பிடணும். ஸ்டிக்கர் கடைக்காரன் எடம் விட மாட்டேன்னான், ரூல்ஸ் இல்லன்னான். சண்ட போட்டு விட வச்சேன்."

சாமி கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பாத்தாங்க.

"சத்தியம் யாரு மேலண்ணே?"

"பழனியாண்டவன் மேல."

"அவரு எதுக்குப் பழனிக்கு வந்தாரு?"

"மாம்பழம் கெடைக்கலன்னு அப்பங்கிட்டக் கோவிச்சுக்கிட்டு."

"வீட்ட விட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போன புள்ள மேலயே போயி சத்தியம் பண்ணிருக்கீங்க."

வேலுமயில் கண்ணாடியில சாமியப் பாத்தாரு. சாமி விடல.

"அவரத் தேடி யாரு வந்தா?"

"அப்பனும் அம்மையும் வந்தாங்க."

"வந்து, காளைமாட்டு முதுகுல பேர எழுதிட்டு மலையச் சுத்திச் சுத்தி ஓட்டிக்கிட்டு இருந்தாங்களா?"

அவரு கியர மாத்தினாரு. மாத்த வேண்டிய எடமே இல்ல அது.

"உடுமலைக்கு அடிக்கடி வருவீங்களா?"

"சவாரி இல்லாத நாளெல்லாம் வருவேன். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, கோயிலு, ஒரு சுத்து. அவ தெருவுக்குள்ள மட்டும் போக மாட்டேன். முனையிலயே திருப்பிருவேன்."

"இத்தனை சுத்துல அவ ஒரு நாள்கூடப் பாக்கலயா?"

கார் மெதுவாச்சு. பின்னாடி வந்த லாரிக்காரன் திட்டிக்கிட்டே ஒதுங்கிப் போனான்.

"பாத்தா சாமி."

இத அவரு அதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

"பூக்கடைகிட்ட. நல்ல கூட்டம், வண்டி ஊந்துக்கிட்டு இருக்கு. கண்ணாடியில பாக்கறேன், பின்னாடி நிக்கறா. கையில பூப்பொட்டலம். எளச்சுட்டா. பிளேட்டையே பாக்கறா. படிக்கறா சாமி, உதடு அசையுது. அப்புறம் நிமுந்து கண்ணாடியப் பாத்தா. கண்ணாடிக்குள்ள இருந்த என்னையப் பாத்தா."

"நீங்க?"

"அப்பான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எறங்கிருப்பேன்."

"சொல்லல."

"சொல்லல. சும்மா நின்னா. நான் கூப்பிடணும்னு நின்னா. தெரியுது சாமி எனக்கு, பெத்தவனுக்குத் தெரியாதா? பேரு இங்க வரைக்கும் வந்துருச்சு." தொண்டையத் தொட்டுக் காமிச்சாரு. "அதுக்குள்ள முன்னாடி வழி விட்டாங்க. போயிட்டேன்."

"அதுக்கப்புறமும் சுத்தறீங்க."

"சுத்தறேன்."

"எதுக்கு?"

"இன்னொரு தடவ பாக்க மாட்டாளான்னுதான்."

உடுமலை வந்துருச்சு. மெயின் ரோட்டுல நேராப் போனா பொள்ளாச்சி.

"அவ வீடு எங்கண்ணே?"

"நேரமாச்சு சாமி. முகூர்த்தம் தவறிரும். அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இங்க யாரும் காத்துக்கிட்டு இல்லையா?"

கார் தானாத் திரும்பின மாதிரி திரும்புச்சு. டயர்க்கடை, மாவு மில்லு, ஒரு புள்ளையார் கோயிலு. அந்தத் தெரு முனை வந்ததும் கால் பழக்கத்துல பிரேக்குக்குப் போச்சு. பிரேக்குல இருந்து கால எடுத்தாரு. மூணு வருஷத்துல மொத மொதலா தெருவுக்குள்ள போனாரு.

நீலக் கேட்டு. வாசல்ல கோலம். மாடிக் கொடியில துணி காயுது. ஒரு சேலை, ஒரு லுங்கி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன கவுனு. உள்ளங்கையில மடிச்சு வச்சுக்கலாம், அவ்ளோ சின்னது.

வேலுமயில் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"சாமி, அது யாருதுங்க?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

வேலுமயில் அப்புறம் ஒரு வேலை பண்ணினாரு. வண்டிய ரிவர்ஸ் எடுத்து, முன்ன பின்ன போயி, அந்தச் சின்னத் தெருவுல படாத பாடு பட்டு, பிளேட்டு நேரா அந்தக் கேட்டப் பாக்கற மாதிரி நிறுத்தினாரு. இஞ்சின ஆப் பண்ணினாரு.

"வெளிய வருவா சாமி. வந்தாப் பாப்பா."



உள்ள மிக்ஸி ஓடற சத்தம் கேட்டுச்சு. யாரோ ஒரு கொழந்தை அழுதுச்சு, தட்டிக் குடுத்ததும் நிறுத்துச்சு. மறுபடியும் மிக்ஸி. யாரும் வெளிய வரல. காத்துல அந்தக் கவுனு ஆடுச்சு. பிளேட்டு பாட்டுக்குக் கேட்டப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

எதுத்த வீட்டம்மா மட்டும் எட்டிப் பாத்தாங்க. "யாரு வேணும்?"

வேலுமயில் வாயத் தெறந்தாரு. "இல்லங்க, சும்மா," ன்னாரு. அந்தம்மா உள்ள போயிட்டாங்க.

அவரு கை மெதுவா ஸ்டியரிங் நடுவுக்குப் போச்சு.

"ஹாரன் அடிக்கவா சாமி?"

சாமி வழக்கம் போல கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க.

"ஹாரனுக்கு அவ பேரு தெரியுமாண்ணே?"

வேலுமயில் கைய எடுத்தாரு. கதவத் தெறந்து எறங்கினாரு. கேட்டு முன்னாடி போயி நின்னு, கூப்பிட வாயத் தெறந்தாரு.

உள்ள மிக்ஸி நின்னுச்சு.