சுவருக்குள் போன முகம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்டு என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த அரண்மனை இன்னும் நிற்கிறதா என்பீர்கள், நிற்கிறது என்றால் பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். வேண்டாம் சாமி. அந்த அறைக்குள் போகாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

ராஜாவுக்கு இளம் வயசு. பட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் தூக்கம் மட்டும் இல்லை. காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா பெரிய ராஜா சாகக் கிடந்தபோது இவர் எல்லைப் போரில் இருந்தார். சேதி கிடைத்துக் குதிரை நுரை தள்ள ஓடிவந்து பார்த்தால், கட்டிலில் பெரிய ராஜா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி விறைத்துக் கிடக்கிறார். கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தவர் பிரதானி மேகவண்ணர் ஒருவர்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என்னவென்று சொல்வேன் இளவரசே! 'உங்கள் மகன் வந்துகொண்டிருக்கிறார்' என்று அவரிடம் சொன்னேன். பெயரைக் கேட்டதும் வெறுப்போடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே போய்விட்டார்."

அன்றிலிருந்து அரண்மனையில் பிரதானி வைத்ததுதான் சட்டம். உப்புக்கு வரியா? "போடுங்கள் மன்னா, தந்தையாரின் கோபம் தணியும்." பிரதானியின் மைத்துனனுக்குக் கோட்டைக் காவல் பதவியா? "கொடுங்கள் மன்னா, தந்தையாரின் ஆசை அது." எல்லாவற்றுக்கும் ராஜா தலையாட்டுவார். பிறகு போய் அந்தக் காலிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்தால் வயிறு எரிகிறது. உயிரோடு இருக்கிற அப்பாவிடம் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். செத்தவரிடம் எங்கே போய்க் கேட்பது?

அந்தச் சபையில் மருதக்கூத்தன் என்று ஒருவர் இருந்தார். கைத்தொழில் முத்திரை வெட்டுவது. அரசாங்க ஓலைகளில் குத்தும் முத்திரை எல்லாம் அவர் கல்லில் குடைந்தவைதான். வாய்த்தொழில் விகடம். பெரிய ராஜா காலத்திலிருந்தே அவர் வாயைத் திறந்தால் சபை சிரிக்கும், பிரதானி திறந்தால் கொட்டாவி விடும். போதாக்குறைக்கு உப்புவரி போட்ட மறுநாள் மருதக்கூத்தன் என்ன செய்தார் தெரியுமா? தன் நெற்றியில் வழிந்த வியர்வையை ஒரு கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு போய்ப் பிரதானி முன் நீட்டி, "இதற்கு எவ்வளவு கட்டவேண்டும்?" என்று கேட்டார். சபை குலுங்கியது. பிரதானி மட்டும் சிரிக்கவில்லை, மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

ஒரு நாள் ராஜா திடீரென்று சபையில் எழுந்து நின்றார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"என் தந்தையின் முகம் என் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு முறை திரும்பினால் போதும். யாரால் முடியும்?"

சபையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரதானிக்குத்தான் வாயெல்லாம் பல்.

"மன்னா, இறந்தவர்க்கு உடல் இல்லை. ஆகவே கல்லில் செய்தால் அது பொம்மை. செம்பில் செய்தாலும், மரத்தில், மண்ணில், மெழுகில் செய்தாலும் பொம்மைதான். எந்தப் பொருளும் இல்லாமல் அந்த முகத்தைச் செய்ய வேண்டும். தாங்கள் நடந்தால் அது தங்களைப் பார்த்துத் திரும்ப வேண்டும். எதையும் செய்வேன் என்று மார்தட்டுகிற மருதக்கூத்தர் இருக்கும்போது நமக்கு என்ன கவலை?"

"செய், கூத்தா. அமாவாசைக்குள் செய்" என்றார் ராஜா.

"முடியாவிட்டால்?" என்றார் பிரதானி. தானே பதிலும் சொன்னார். "பெரிய ராஜாவின் துக்கத்தோடு விளையாடியதாக ஆகும். அவர் இறந்த அறைச் சுவரோடு இவரைச் சேர்த்து நிறுத்திச் செங்கல் வைத்துப் பூசிவிடலாம்."

ராஜா அதற்கும் தலையாட்டினார். பழக்கதோஷம்!

மருதக்கூத்தன் முன்னால் வந்து கும்பிட்டார். பிறகு கேட்டார். "மன்னா, ஒரு விடுகதை. எடுக்க எடுக்கப் பெரிதாகும், ஒரு பிடி அள்ளிப் போட்டால் சிறிதாகும். அது என்ன?"

"உயிர் போகப் போகிற நேரத்தில் விடுகதையா!" என்று சீறினார் பிரதானி.

"சரி, விடை பிறகு வரட்டும். பிரதானியாரே, பெரிய ராஜா எந்தச் சுவர்ப் பக்கம் திரும்பினார்?"

"மேற்குச் சுவர்."

"நன்றாகத் தெரியுமா?"

"என் கண்ணால் பார்த்தேன்!"

"அப்படியானால் அவருடைய முகம் மேற்குச் சுவருக்குள்தான் போயிருக்க வேண்டும். புதிதாகச் செய்வானேன்? தேடி எடுத்துவிடுகிறேன்" என்றார் மருதக்கூத்தன்.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

வாய் என்னவோ அப்படிப் பேசிவிட்டது. வீட்டுக்கு வரும்போது மருதக்கூத்தன் வழி தப்பி இரண்டு தெரு கூடச் சுற்றினார். பொழுது சாய்கிற நேரம். அவர் மனைவி நல்லமங்கை விளக்கை ஏற்றித் தரையில் வைத்துவிட்டுப் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்துவிட்டது.

"எத்தனை தடவ தலையால அடிச்சுக்கிட்டேன், அரமனையில வாயக் கட்டிக்கிட்டு இருங்கன்னு! கேட்டீங்களா? மாட்டுக்கொட்டில் சுவரு இடிஞ்சு கெடக்கு, அதக் கட்ட ஒரு செங்கல்லுக்கு வழியில்ல. உங்களக் கட்டுறதுக்கு வண்டி வண்டியா செங்கல் எறங்குதாமே!" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடியும் கூட்ட ஆரம்பித்தாள்.

"இந்தாங்க, முதல்ல அந்தக் கல்லக் கவுத்து வைங்க."

"எந்தக் கல்ல?"

"அந்தா, மாடத்துல சாத்தி வச்சிருக்கீங்களே, மூஞ்சி வெட்டுன அச்சுக்கல்லு. நான் இங்கிட்டுப் போனா இங்கிட்டுப் பாக்குது, அங்கிட்டுப் போனா அங்கிட்டுப் பாக்குது. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

மருதக்கூத்தன் திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு நகர்ந்து மறுபடியும் கல்லைப் பார்த்தார். பிறகு கூடையில் உளிகளை எடுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து பெரிய ராஜாவின் அறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டது. என்னென்ன பொருள் உள்ளே போகிறது என்று பார்க்கப் பிரதானி ஆள் போட்டிருந்தார். ஒரு அகல்விளக்கும் உளியும் சுத்தியும் தவிர எதுவுமே போகவில்லை. சாயங்காலமானால் கூடை கூடையாகக் கல்தூள் வெளியே வந்தது, அவ்வளவுதான். "ஒன்றும் இல்லாமல் இந்தப் பயல் என்னத்தைக் கிழிப்பான்!" என்று பிரதானி வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆனால் அரண்மனை வேலைக்காரர்கள் சிரிக்கவில்லை. பட்டப்பகலில் சுவர் வழியே சர் சர் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அடுத்த அறையில் பாத்திரம் துலக்குகிறவர்கள் காதை வைத்துக் கேட்டார்கள். "உள்ளருந்து பெரிய ராசாதான் பெறாண்டுறாரு, வெளிய வரப் பாக்குறாரு" என்று ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்க யாரும் போகவில்லை. மருதக்கூத்தனும் வரவர மாறிப்போனார். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பார். "என்ன வெட்டுறோம்னு எனக்குத் தெரியும் புள்ள. ஆனாலும் உளியக் கீழ வச்சுட்டு எந்திரிக்கும்போது முதுகு கூசுது" என்றார் ஒரு நாள். நல்லமங்கை விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

அமாவாசை வந்தது. உச்சிப் பொழுது. வெளி முற்றத்தில் செங்கல்லும் குழைத்த சுண்ணாம்பும் தயாராக இருந்தன. அறையில் கிடந்த கம்பளிகளைப் போட்டுச் சன்னல்களையெல்லாம் மூடியிருந்தார் மருதக்கூத்தன். மேற்குச் சுவருக்குக் கீழே தரையில் அந்த ஒற்றை அகல் எரிந்தது. கட்டிலுக்கு முன்னால் குறுக்கே திரைச்சீலைக் கயிறு ஒன்று.

"கயிற்றைத் தாண்ட வேண்டாம் மன்னா. முதலில் தாங்கள் மட்டும் வாருங்கள்."

ராஜா உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். ஒரு அடி பின்வாங்கினார்.

சுவரிலிருந்து பெரிய ராஜாவின் முகம் வெளியே நீண்டிருந்தது. அதே அகன்ற நெற்றி, புருவத்தில் அதே வாள்வெட்டு, பேச வாயெடுத்தது போல அதே உதடு. முகம் மட்டும்தான். கழுத்தில்லை, உடம்பில்லை. அகல் அசைய அசைய அதன் கன்னமும் அசைந்தது. ராஜா பயந்துபோய் இடது பக்கம் ஒதுங்கினார். முகம் மெல்ல இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் ஓடினார். முகம் அங்கேயும் திரும்பியது. சொல்லும்போதே எனக்குக் கை மயிர் நட்டுக்கொள்கிறது, பாருங்கள்.

"அப்பா!" என்று ராஜா மண்டியிட்டார். "வந்துவிட்டேன் அப்பா. நேரமாகிவிட்டது. வந்துவிட்டேன்."

சத்தம் கேட்டுப் பிரதானி உள்ளே பாய்ந்தார். "என்ன மோசடி இது? என்ன பொருளில் செய்தாய்?" என்று கத்திக்கொண்டே வந்தவர் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தூணுக்குப் பின்னால் போனார். மெல்ல எட்டிப் பார்த்தார். முகம் தூண் பக்கம் திரும்பியிருந்தது. சுவரோரமாக வாசலை நோக்கி நகர்ந்தார். அதுவும் கூடவே நகர்ந்தது.

"பிரதானியாரே, ஏன் இப்படி வேர்க்கிறது உங்களுக்கு?" என்று மருதக்கூத்தன் கேட்டார். "அவர் மகனையல்லவா பார்க்கிறார்?"

"இல்ல... என்னத்தான் பாக்குறாரு... என்னையே பாக்குறாரு!" சபைப் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ. பிரதானி இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டார். "அந்தப் பக்கம் திரும்புங்க ராசா! அன்னைக்கும் இப்படித்தான்... உசுரு போன பிறகும் கண்ண மூடாம வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தீங்க. 'மகன் வந்துட்டானா, வந்துட்டானா'ன்னு கேட்டுக்கிட்டே போனீங்க. அந்தக் கண்ணுக்கு முன்னால என்னால உக்கார முடியல. அதான் தலையப் புடிச்சு செவுத்துப் பக்கம் திருப்புனேன். நான்தான் திருப்புனேன்! பயத்துல திருப்புனேன், அப்புறம் வசதியாப் போச்சு... மறுபடி திரும்பாதீங்க!"



ராஜா எழுந்தார். பிரதானியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றைத் தாண்டிச் சுவரிடம் போனார். அப்பாவின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கை கன்னத்துக்குள்ளே போனது. மணிக்கட்டுவரை முகத்துக்குள் போன கையைப் பார்த்து ராஜா அலறிவிட்டார்.

மருதக்கூத்தன் ஓடிப்போய் அகலை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார். முகம் போன இடம் தெரியவில்லை. சுவரில் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

"பயப்படாதீர்கள் மன்னா. நான் எதையும் செய்யவில்லை. சுவரிலிருந்து எடுக்க மட்டும் செய்தேன். கல் இருக்கிற இடமெல்லாம் சுவர். கல் இல்லாத இடம்தான் முகம். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் குழி, கண்ணும் குழி. விளக்கைக் கீழே வைத்தால் பள்ளம் மேடாகத் தெரியும். முத்திரை வெட்டுகிற எங்களுக்கு இது பழைய தொல்லை. விளக்கை இடம் மாற்றி வைத்துவிட்டால் பள்ளத்தை மேடு என்று நினைத்து, வெட்டிய மூக்கையே மறுபடி வெட்டிக் கல்லைப் பாழாக்குவோம். அதிலும் முகம் என்றால் கேட்கவே வேண்டாம். மூக்கு வெளியேதான் நீண்டிருக்கும் என்று நம் கண் அடம்பிடிக்கும். அதனால்தான் நாம் நகர்ந்தால் அது திரும்புகிறது. யார் நகர்ந்தாலும் திரும்பும்."

ராஜாவின் முகம் இறுகியது. வாசலில் காவலர்கள் ஈட்டியைச் சரிசெய்துகொண்டார்கள்.

"அப்படியானால் என்னையும் ஏமாற்றினாய். என் தந்தை என்னைப் பார்க்கவில்லை. பார்த்தது ஒரு குழி."

மருதக்கூத்தன் வாசலில் நின்ற காவலர்களைப் பார்த்தார். இருந்தாலும் சொன்னார். "ஆமாம் மன்னா. இந்தச் சுவர் தங்களைப் பார்க்கவில்லை. ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாரே, அந்தக் கண் எதைத் தேடியது? அதை நான் சொல்லவில்லை. அதைப் பொய் என்று சொல்ல இந்த அறையில் ஒருவருக்கும் வாய் வராது."

ராஜா மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தார். கட்டிலிலிருந்து நேர் எதிரே இருந்தது. வெகுநேரம் பார்த்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. பிறகு கையை மறுபடியும் அந்தக் குழிக்குள் விட்டு, உள்ளே தடவிக்கொண்டே இருந்தார்.

"எடுக்க எடுக்கப் பெரிதாகும்..." என்றார் திடீரென்று. "ஒரு பிடி அள்ளிப் போட்டால் சிறிதாகும்... அட பாவி! பள்ளம்! அன்றைக்கே சபையில் சொல்லிவிட்டாயா? என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாயா?"

பட்டத்துக்கு வந்தபின் முதல் தடவையாக ராஜா சிரித்தார். கனத்த குரலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே நின்ற கிழட்டுக் காவலன் ஒருவன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டான். பெரிய ராஜாவும் அப்படித்தான் சிரிப்பாராம்.

கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதக்கூத்தனுக்குப் போட்டார் ராஜா. "இன்னும் கேள்" என்றார்.

"முற்றத்தில் இருக்கிற செங்கல்லும் சுண்ணாம்பும் வேண்டும் மன்னா. வீட்டில் மாட்டுக்கொட்டில் சுவர் இடிந்து கிடக்கிறது. கொத்தனாரும் சும்மாதான் நிற்கிறார்."

அன்றைக்கே உப்புவரி போயிற்று, மைத்துனனின் பதவியும் போயிற்று. ராஜா அந்தக் கட்டிலிலேயே வாசலைப் பார்த்தபடி படுத்து, மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினார். நல்லமங்கையின் மாடுகளுக்கு ராஜாங்கச் செங்கல்லில் கொட்டில் எழும்பியது.

பிரதானியை ராஜா கொல்லவில்லை. நாடு கடத்தவும் இல்லை. ஒரே ஒரு வேலை கொடுத்தார். தினமும் அந்த அறைக்குள் தனியாகப் போய், மேற்குச் சுவருக்குக் கீழே அகலை ஏற்றி வைத்துவிட்டு வரவேண்டும். அது வெறும் பள்ளம்தான் என்று பிரதானிக்கு நன்றாகத் தெரியும், கையை விட்டும் பார்த்திருக்கிறார். ஆனாலும் விளக்கை வைத்தபின் அவர் முதுகைக் காட்டியதே இல்லை. சுவரைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்துதான் கடைசிவரை அந்த அறையை விட்டு வெளியே வந்தார்.