முப்பத்திரண்டு பட்டமும் ஒரு கனத்த பேனாவும்

ஒரு விடுகதை போடுகிறேன். உடம்பு உலோகம். வயிறு நிறையக் கறுப்புத் தண்ணீர். தலைகீழாக நடக்கும். நடந்த தடத்தைப் பார்த்தால் சேதி சொல்லும். அது என்ன?

பேனா என்றுதானே சொன்னீர்கள்? சரி. அப்படி ஒரு பேனாவால் ஒரு மனிதருக்கு வேலையே போகவிருந்தது. அந்தக் கதைதான் இது.

மைப் பேனா புதிதாக வந்திருந்த காலம். செவ்வரளிக்கோட்டை என்று ஒரு சின்ன சமஸ்தானம். அதன் ராஜா கண்டீரவ பூபதி. அவருடைய அரண்மனையில் ஆவுடையப்பர் ராயசமாக இருந்தார். ராயசம் என்றால், அரண்மனையிலிருந்து போகும் கடிதம், உத்தரவு எல்லாவற்றையும் எழுதுகிற அதிகாரி. அவருக்குக் கீழே பன்னிரண்டு எழுத்தர்கள்.

ஒரு நாள் பட்டணத்து வியாபாரி ஒருவன் பேனாப் பெட்டியோடு வந்தான். தங்கப் பேனாவைக் காட்டினான். ராஜாவுக்கு விலை பிடிக்கவில்லை. மரப் பேனாவைக் காட்டினான். அது ராஜாவுக்குக் கௌரவமாகப் படவில்லை. நடுத்தர விலையில் ஒரு பித்தளைப் பேனா இருந்தது, மேலே வெள்ளி முலாம் பூசியது. ராஜா அதைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். ஒரு தாளில் ‘ஸ்ரீ’ என்று போட்டுப் பார்த்தார். பேனா வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சமஸ்தானத்தில் ராஜாவின் கையெழுத்தே அந்த ஓர் எழுத்துதான். அதற்குமேல் அவர் பேனா பிடித்து எழுதியதே இல்லை.

கனம் இருந்தால்தான் தரம் என்று முடிவு கட்டிவிட்டார் ராஜா. இனி எழுத்தர்கள் எல்லோரும் இதில்தான் எழுத வேண்டும் என்றார். மூடியில் அரண்மனை முத்திரையைப் பொறிக்கலாம், எழுதும்போது அதைப் பேனாவின் பின்னால் செருகி வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும் என்றார் திவான் ரங்கபாஷ்யம். அதுவும் உத்தரவாயிற்று.

ஆவுடையப்பர் அன்று முழுக்க அந்தப் பேனாவில் எழுதினார். மூடியைச் செருகியதும் பேனா பின்பக்கமாகச் சாய்ந்தது. நாலாவது கடிதத்தில் கட்டைவிரல் மரத்துப்போனது. சாயங்காலம் தம்ளரைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துக் காப்பி குடித்தார். அதைத் திவான் பார்த்துவிட்டார். திவானுக்கு ஒரு மைத்துனர் உண்டு. ராயசம் வேலைமேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

மறுநாள் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்த திவான் எழுந்தார். “ராயசம் பேனாவைச் சோதித்துவிட்டார், மகாராஜா. நல்லதா, இல்லையா என்று சபையறியச் சொல்லட்டும்.”

ஆவுடையப்பருக்கு விஷயம் விளங்கியது. நல்லது என்றால் ஒரு மாதத்தில் கை விழுந்துவிடும். கை விழுந்த ராயசத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? நல்லதில்லை என்றால் ராஜா தேர்ந்தெடுத்த பொருளைச் சபையில் குறை சொன்னதாகும்; வேலை இன்றைக்கே போய்விடும். எப்படியும் மைத்துனர் வந்து உட்காரப் போகிறார்.

அவர் நிதானமாகத் தொடங்கினார். நிப் தாளைக் கீறவில்லை என்றார். மை ஒரே சீராக இறங்குகிறது, திட்டாக விழவில்லை என்றார். மூடி இறுக்கமாக உட்காருகிறது, சட்டைப்பையில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, சட்டைதான் ஒரு பக்கமாகத் தொங்குகிறது என்றார். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார்.

“முழு மதிப்பீட்டையும் எழுத்தில் வைத்துவிடலாம், மகாராஜா. ஆனால் ராஜா தேர்ந்தெடுத்த பேனாவுக்கு ராயசம் சான்று கொடுப்பது முறையா? தாங்களே கைப்பட எழுதுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதினால் போதும்” என்றார் ஆவுடையப்பர்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. தாள் வந்தது. மூடியைப் பின்னால் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தச் சமஸ்தானத்தில் ஒரு வழக்கம். ராஜா பெயரில் எழுதும் எந்தத் தாளும் அவருடைய முப்பத்திரண்டு பட்டங்களோடுதான் தொடங்க வேண்டும். ஒன்று விட்டாலும் தாள் செல்லாது. ராஜா அவற்றைத் தினமும் காது குளிரக் கேட்டிருக்கிறார். எழுதியதில்லை.

ஆவுடையப்பர் சொல்ல ஆரம்பித்தார். மூன்று ஆறு கண்ட முதல்வன். எதிரிகளின் தூக்கம் கெடுத்த இடியேறு. புலி முதுகில் புறப்பட்ட புரவலன். ராஜா உற்சாகமாக எழுதினார். ஏழாவது பட்டத்தில் பேனாவை மாற்றிப் பிடித்தார். பத்தாவதில் மூடியைக் கழற்றப் போனார். முத்திரை தெரிய வேண்டுமே என்று ஆவுடையப்பர் பணிவாக நினைவூட்டினார். பதின்மூன்றாவதில் ராஜாவின் எழுத்து மலையேறி இறங்கியது.

“இந்தப் புலிப் பட்டமெல்லாம் யார் கொடுத்தது?” என்று முனகினார் ராஜா.

“தங்கள் பாட்டனார், மகாராஜா. தமக்குத் தாமே.”

பதினாலாவதில் ராஜா பேனாவைக் கீழே வைத்துக் கையை உதறினார். “ஆவுடையப்பரே, பேனாவைப் பற்றி எப்போதுதான் வரும்?”

“இன்னும் பதினெட்டுப் பட்டம் பாக்கி. பிறகு திவான் அவர்களின் பட்டம் ஆறு. அதற்கு அடுத்த வரி பேனாதான். ஒரு கடிதத்துக்கு இவ்வளவு. எங்களுக்கு நாளொன்றுக்கு இருபது கடிதம்.”

ராஜா தன் விரல்களைப் பார்த்தார். பிறகு திவானைப் பார்த்து, மிச்சத்தை உம் மைத்துனர் எழுதட்டும் என்றார். மைத்துனர் தமக்குக் கையெழுத்து அவ்வளவு நன்றாக வராது என்று சொல்லிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

“சரி, உம் மதிப்பீட்டை வாயாலேயே சொல்லும்” என்றார் ராஜா.

“கையெழுத்துப் போடுகிறவருக்கு இதைவிட நல்ல பேனா இந்த விலையில் கிடைக்காது, மகாராஜா. கடிதம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல தண்டனை எந்த விலையிலும் கிடைக்காது.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். எழுத்தர்களுக்கு லேசான மரப் பேனா வாங்கச் சொன்னார். முப்பத்திரண்டு பட்டங்களை மூன்றாகக் குறைத்தார். தான் உயிரோடு இருக்கும்வரை ஆவுடையப்பர்தான் ராயசம் என்று அறிவித்து, ஒரு பட்டுச் சால்வையும் போர்த்தினார்.

பக்கத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் ராஜாவின் ஏழு வயது மகள் வேணி. மரப் பேனா வந்ததும் ராஜா அதையும் பித்தளைப் பேனாவையும் அவள் முன்னால் வைத்து, உனக்கு எது வேண்டும் என்று கேட்டார். அவள் இரண்டிலும் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். இரண்டே எழுத்து.

பித்தளைப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.