ஃபார்மேட் செய்யவா?

“மூணு நாளா மாட்டி மாட்டிப் பாக்கேன் டீச்சர். இப்படி ஒண்ணு இருக்கறதாவே லேப்டாப் காட்ட மாட்டேங்குது.”

ஷமீமா, கையிலிருந்த பழுதுபார்க்கும் வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எது?”

“என் மகளோட டிரைவு.”

அவள் கை நின்றது. பதினொரு வாரத்தில் அருமைநாயகம் தம் மகளைப் பற்றிப் பேசியது இது இரண்டாவது முறை.

முதல் முறை, சேர்ந்த அன்று. பாளையங்கோட்டையில் ஒரு சந்தைக்கு எதிரே, மாடியில் இருக்கும் இந்தக் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அறுபத்தொரு வயதில் மாணவராக வந்தார். முப்பது வயதுப் பெண்ணை ‘டீச்சர்’ என்று அழைக்க அவர் கூசவில்லை. அவள் இடக்கையால் ஸ்க்ரூடிரைவரை நீட்டியபோதுதான் கூசினார். வாங்கவில்லை.

“வலது கையால குடுங்க,” என்றார். “என் மக செலினுக்கும் இந்தப் பழக்கம் இருந்துச்சு. ஒண்ணாங்கிளாஸ்ல ரிப்பனால கைய நாற்காலியோட சேத்துக் கட்டிப் போட்டேன். ஒரே மாசம். அந்த வருஷம் கையெழுத்துப் போட்டியில முதல் பரிசு.”

ஷமீமா ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தாள். அன்றிலிருந்து அவருக்கு எதைக் கொடுத்தாலும் மேசைமேல்தான் வைத்தாள். அதைத் தமக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

“மகளோடதுன்னா அவங்களே கொண்டு வரலாமே சார்?”

“அவ இல்ல. எட்டு மாசம் ஆச்சு. புனேயில டெங்கு.”

ஷமீமா நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள்.

“அஞ்சு வருஷமா வீட்டுக்கு வரல. போன் போட்டா எடுக்க மாட்டா. விடுதியிலருந்து ஒரு அட்டைப்பெட்டி அனுப்பினாங்க. உள்ள அவ லேப்டாப். போர்டு கருகிக் கிடந்துச்சு. அவ சேத்து வச்சதெல்லாம் இருக்கிற டிரைவ மட்டும் கழட்டி, என் லேப்டாப்புல கூடுதலா மாட்டினேன்.”

“இத அன்னிக்கே எங்கிட்ட குடுத்திருக்கலாம்ல?”

“வேற ஆள் கண்ணு அதுல படக் கூடாது.”

“அதுக்காகவா பதினொரு வாரம் தொழில் படிச்சீங்க?”

அவர் தம் லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உள்ள என்ன தேடுறீங்க சார்?”

“என்னப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காளான்னு பாக்கணும்.”

அவள் அவருடைய லேப்டாப்பைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றினாள்.

“சரியாத்தான் உக்காந்திருக்கு டீச்சர். கச்சிதமாப் பொருந்துது.”

“பஸ்ல எம்பக்கத்துலகூட தினமும் ஒரு அம்மா கச்சிதமா உக்காருறாங்க. அவங்க பேரு எனக்குத் தெரியாது.”

அவர் விழித்தார்.

“இந்த ஸ்லாட் பழைய வகை டிரைவுக்கு உள்ளது சார். உங்க மகளோடது புது வகை. உருவம் ஒண்ணு, பேச்சு வேற. அது பேசுறது இதுக்கு விளங்காது. அதான் அங்க யாருமே இல்லைங்குது.”

டிரைவைக் கழற்றி, கேபிள் வைத்த சிறிய பெட்டி ஒன்றுக்குள் பொருத்தினாள். கேபிளை அவருடைய லேப்டாப்பில் செருகினாள்.

லேப்டாப் ஓர் ஒலி எழுப்பியது. திரையில் ஒரு கட்டம் எழுந்தது.

“கண்டுபிடிச்சிருச்சு!”

அருமைநாயகம் பாதி எழுந்துவிட்டார். அம்புக்குறி, கட்டத்தில் இருந்த முதல் பொத்தானை நோக்கி ஓடியது. முன்னால் வைத்த தாளில் படிக்காமலே கையெழுத்திட்டு முப்பத்துநான்கு ஆண்டு பழகிய கை அது.

ஷமீமா கேபிளைப் பிடுங்கினாள். கட்டம் மட்டும் திரையில் நின்றது.

“என்ன டீச்சர்!”

“அது என்ன கேட்டுச்சு?”

“இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யவான்னு கேட்டுச்சு.”

“ஃபார்மேட்னா என்ன? உங்க நோட்டுல இருக்கு. படிங்க.”

அவர் நோட்டைப் புரட்டினார். எழுத்துகள் அச்சிட்டவைபோல் இருந்தன.

“உள்ளதை அழித்துவிட்டு, இந்த இயந்திரம் அறிந்த முறைப்படி புதிதாகக் கோடு போடுதல்.”

குரல் கடைசிச் சொல்லில் இறங்கியது.

“அப்போ, டிரைவுல கோளாறா டீச்சர்?”

“ஒரு கோளாறும் இல்ல. அவங்க வேற சிஸ்டத்துல எழுதியிருக்காங்க. இதுக்கு அதப் படிக்கத் தெரியல. தனக்குத் தெரியலைங்கிறத இது இப்படித்தான் சொல்லும்.”

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

“மஞ்சக் கலர் ரிப்பன்,” என்றார்.

நிறத்தை அவள் கேட்டிருக்கவில்லை.

ஷமீமா அந்தக் கேபிளை, அந்த வேறு சிஸ்டத்தில் ஓடும் தன்னுடைய பழைய கணினியில் செருகினாள். இங்கே அந்தக் கேள்வி எழவில்லை. ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் வந்தது.

“இது படிச்சிரும். ஆனா பூட்டியிருக்காங்க. பாஸ்வேர்டு அடிங்க. நான் பாக்கல.”

மகளின் பிறந்த நாளை அடித்தார். தவறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண், நானூற்று எண்பத்தாறு. தவறு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எண். தவறு. மகளின் எண்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவை ஒவ்வொன்றாகத் தீர்ந்தன.

கடைசியில் தம் பெயரை அடித்தார். ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக.

தவறு.

“அவங்களுக்கு என்ன பிடிக்கும் சார்? சாப்பாடு, பாட்டு, ஊரு, நாய், பூனை, ஏதாவது?”

கீழே சந்தையில் ஒருவன் வெங்காயத்துக்கு விலை கூவினான். அவன் மூன்று முறை கூவி முடிக்கும்வரை அருமைநாயகம் யோசித்தார்.

“நல்லாப் படிப்பா,” என்றார்.

ஷமீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இத உடைக்க எத்தன நாள் ஆகும் டீச்சர்?”

“உடைக்க முடியாது. அழிக்கலாம். நம்ம கையில இருக்கறது அது ஒண்ணுதான்.”

“வேற வழியே இல்லையா?”

“இருந்துச்சு. அவங்களக் கேட்டிருந்தா ஒரு நிமிஷம்.”

அவள் பெட்டியைத் திறந்து டிரைவை எடுத்தாள். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத ஒரு பச்சைத் துண்டு. இந்த முறை அதை மேசைமேல் வைக்கவில்லை. இடக்கையில் ஏந்தி அவர் முன் நீட்டினாள்.

“வாங்கிக்கோங்க சார்.”

அவர் வலக்கை உயர்ந்தது. பாதியில் நின்றது. இறங்கியது.

மடிமேல் கிடந்த இடக்கை மெல்ல எழுந்து வந்து விரிந்தது. அறுபத்தோர் ஆண்டில் அது எவரிடமும் எதையும் வாங்கிப் பழகியதில்லை.