ஆறாவது படி

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டை விசித்திரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, மத்தியானம் ஒரு ஆசை. அவர் உத்தரவு தண்டோரா ஏறிவிட்டால் சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிசகினாலும் மொட்டை. அதனால் அரண்மனையில் பாதிப்பேர் தலை பளபளவென்றுதான் இருக்கும்.

அந்த நாட்டு ஆற்றுப் படுகையில் வெள்ளரி போட்டுப் பிழைத்தவள் காத்தாயி. கோடையில் ஆறு வற்றினாலும், மணலை முழங்கை ஆழம் பறித்தால் ஊற்று சுரக்கும். அவள் கொடிக்கும் அதுதான், சுற்றுப்பட்டு ஊர்க் குடங்களுக்கும் அதுதான்.

ஒருநாள் ராஜா அவளுடைய வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துவிட்டு, "இதற்கு ஈடாக என் சபையில் ஒன்றுமே இல்லை" என்று சொல்லிவிட்டார். புதுப் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, பாராட்டுக்காகக் காத்திருந்த மந்திரி கனகராயருக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு வெள்ளரிக்காயிடம் தோற்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

சமயம் வந்தது. ஒரு காலையில் ராஜாவுக்குக் கண்ணாடி மாளிகை ஆசை பிடித்தது. கனகராயர் ஓடிவந்து, கண்ணாடியை மணலிலிருந்துதான் உருக்குகிறார்கள், ஆற்றங்கரையிலேயே உலை வைத்து நானே முடித்துத் தருகிறேன் என்றார். நூற்றுக்கணக்கில் வண்டிகள் இறங்கின. ஒரே மாதத்தில் படுகை முழுக்கப் பனையுயரப் பள்ளம். ஊற்று செத்தது. ஊர்க் கிணறுகளில் சேறு வந்தது. காத்தாயியின் கொடி கருகியது. அவள் நேரே சபைக்கு வந்து முறையிட்டாள்.

"ஒரே ஒரு ஆறு. போனால் என்ன? மலை இருக்கிறது, வயல் இருக்கிறது, நான் இருக்கிறேன்" என்றார் ராஜா.

கனகராயர் குஷியாகிவிட்டார். இந்தக் கரை, அந்தக் கரை என்று நாளைக்கு யாரும் வந்து நிற்கக் கூடாதே? பேரும் வேண்டாம், எல்லையும் வேண்டாம், 'இந்நாட்டில் ஆறு எதுவோ அது கனகராயருடையது' என்று ஆற்றையே மொத்தமாகத் தனக்கு உத்தரவு எழுதித் தரச் சொன்னார். ராஜா தலையாட்டினார்.

காத்தாயி ஒரு கணம் யோசித்துவிட்டுக் கும்பிட்டாள். "தண்டோராவும் போட்டுடுங்க மகாராஜா. எங்கள மாதிரி படிக்காத சனத்துக்கும் தெரியணும்ல."

தண்டோரா போட்டார்கள். அவள் மிச்சமிருந்த பிஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டு அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனாள்.

"அண்ணே, ராஜாவுக்கு எத்தனை கறி வைப்பீங்க?"

"எட்டு" என்றார் சமையற்காரர்.

"தண்டோரா கேட்டீங்கல்ல? அப்ப ஆறாவது கறி யாருது?"

சமையற்காரர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இப்போதுதான் முடி முளைத்திருந்தது. அதே கேள்வியை அவள் தண்ணீர் ஊற்றுகிறவரிடமும் தச்சரிடமும் கேட்டுவிட்டு வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை ராஜா தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து குடம் ஊற்றினார்கள். ஆறாவது குடம் கனகராயர் வீட்டுக்கு நடந்தது. கண் எரிச்சலோடு சாப்பிட வந்தால், ஆறாவதாக வரவேண்டிய கத்தரிக்காய்ப் பொரியலைக் காணோம். அது அவருக்கு உயிர். கேட்டால் எல்லோரும், "தங்கள் உத்தரவு" என்கிறார்கள். கோபத்தில் சபைக்குப் பாய்ந்தார். சிம்மாசனத்துக்கு ஏழு படி. ஐந்து ஏறினார். அடுத்த கால் காற்றில் விழுந்தது. ராஜா ஒரு பக்கம், கிரீடம் ஒரு பக்கம்.

"படி எங்கே?"

"கனகராயர் வீட்டில் சேர்த்துவிட்டேன் மகாராஜா" என்றார் தச்சர்.

காலையிலேயே சபைக்கு வந்து நின்றிருந்த காத்தாயி, கிரீடத்தை எடுத்துத் தூசி தட்டினாள். "ஒரே ஒரு படிதானே மகாராஜா. கீழ அஞ்சு இருக்கு, மேல ஏழாவது இருக்கு, சிம்மாசனமும் இருக்கு. ஏறிக்கோங்க."

ராஜா காலை எட்டிப் போட்டார். வேட்டி டர்ரென்றது. "எப்படியம்மா ஏறுவது? நடுவில் ஓட்டை."

"மலையில பெய்யிற மழை எங்க கிணத்துக்கு வர்றதும் இப்படித்தாங்க. நடுவுல இருக்கிற படி அந்த மணலு. அதைக் கனகராயரு உருவிட்டாரு. இனிமே வெள்ளம் வந்தா நிக்காம ஓடிடும். போற போக்குல கரையையும் அறுத்துக்கிட்டுப் போகும். கண்ணாடி மாளிகையில நூறு ராஜாவாத் தெரிவீங்க. நூறு பேருக்கும் நாக்கு வறண்டிருக்கும்."

கனகராயர் எழுந்து, படிக்காதவள் எண் ஆறையும் ஓடுகிற ஆற்றையும் போட்டுக் குழப்புகிறாள் என்றார்.

"அவள் குழப்பவில்லை. எல்லை போடாமல் எழுதச் சொன்னது நீர்" என்ற ராஜா, குரலை இறக்கிக் கேட்டார்: "பொரியல் நன்றாக இருந்ததா?"

கனகராயரின் மீசையில் இன்னும் ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது. ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றே உத்தரவு மாறியது. படுகையில் இனி மண்வெட்டி விழக்கூடாது. காவல் காத்தாயிக்கு. உலையடியில் குவிந்த மணலைக் கனகராயரே தலையில் சுமந்து பள்ளத்தை மூட வேண்டும்.

மறுநாள் அவர் முதல் கூடையோடு பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்று, "இங்கே கொட்டட்டுமா?" என்றார்.

"அங்க வேண்டாஞ் சாமி. அடியில இருந்து நிரப்பணும். இறங்குங்க."

இறங்கினார்.

"இன்னும் கீழ."

தலைப்பாகை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் காத்தாயி, "இன்னுங் கொஞ்சம் சாமி, இன்னுங் கொஞ்சம்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.