உச்சந்தலையில் விழுந்த இடி

அடி படவில்லை, கீழேயும் விழவில்லை. அப்படி இருந்தும் ஒரு மனுஷனுக்குத் தலைக்குள்ளே ரத்தம் கசியுமா? சொல்லுங்கள் பார்ப்போம்.

மலையடிவார ஆசிரமம் ஒன்றில் தியானத்தில் உட்கார்ந்திருந்த வேலாண்டி திடீரென்று கத்தினார்.

"அம்மா! உச்சந்தலையில் இடி விழுந்துச்சு! ஒரே நொடிதான்! கபாலமே திறந்துடுச்சும்மா!"

"ஞானம் வந்துடுச்சு!" என்று கூவினார்கள் சீடர்கள்.

மணியை அடித்தார்கள். ஓடிப்போய் மாலை கொண்டு வந்து போட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம். ஞானம் வந்தவரை மூன்று நாளைக்கு யாரும் தொடக்கூடாது. அவரும் இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது.

குரு ஓடி வந்தாள். வேலாண்டியைவிட இருபது வயது சின்னவள்.

"இதுக்கு முன்னாடி இப்படி வலிச்சிருக்கா ஐயா?"

"பிறந்ததுலேர்ந்து இல்லை! வெளிச்சத்தைப் பார்க்கவே முடியலம்மா!"

"ஜோதி!" என்று சிலிர்த்துப்போய் விழுந்து கும்பிட்டாள் செண்பகம் என்ற சீடப்பெண்.

வேலாண்டி வாந்தி எடுத்தார்.

"பாவமெல்லாம் வெளியே போகுது!"

"நீ கொஞ்சம் சும்மா இரு, செண்பகம்."

குரு அவர் தாடையைப் பிடித்தாள்.

"ஐயையோ, தொட்டுட்டாங்களே!"

"தாடை நெஞ்சுல படுற மாதிரி குனிங்க, ஐயா."

கழுத்து வளையவில்லை. கட்டை மாதிரி நின்றது.

குரு டிரைவரைக் கூப்பிட்டாள். "பொன்னா, ஜீப்பை எடு! பெரிய ஆஸ்பத்திரிக்கு!"

"நான் வரமாட்டேன்!" என்றார் வேலாண்டி. "பதினாறு வருஷமாக் காத்துக்கிடந்தேன். எழுந்தா எல்லாம் போயிடும். யாரும் என்னை அடிக்கலை. நான் எங்கேயும் விழலை. ஆஸ்பத்திரி எதுக்கு?"

குரு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

பூச்செடிக்குத் தண்ணீர் விடும் பழைய ரப்பர் குழாய் பக்கத்தில் கிடந்தது. ஒரு இடத்தில் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. அவள் தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிட்டாள்.

டப்!

எல்லாரும் நனைந்துபோனார்கள்.

"இதை யார் அடிச்சது?"

"யாரும் அடிக்கலையேம்மா," என்றாள் செண்பகம். "அது ரொம்ப நாளா உப்பிக்கிட்டுத்தானே..."

பாதியில் நிறுத்திவிட்டு வேலாண்டியின் தலையைப் பார்த்தாள்.

நாலு பேர் அவரைத் தூக்கி ஜீப்பில் படுக்க வைத்தார்கள். குரு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்போ ஞானம்?" என்றார் வேலாண்டி.

"நிஜமா வந்திருந்தா ஸ்கேன் எடுத்தா ஓடிடுமா? பிழைச்சு வந்து எனக்கும் சொல்லுங்க."

வேலாண்டி கண்ணை மூடியபடியே மாலையைக் கழற்றினார்.

"பொன்னா, இன்னும் கொஞ்சம் வேகமாப் போப்பா."