அஞ்சலாட்சி வீட்டு அரிக்கேன் விளக்கு

இனியா, காலை நீட்டிப் படுடி. கரண்டு வந்தாத்தான் தூங்குவேன்னா எப்படி? புயல் சாய்ச்ச கம்பத்தையெல்லாம் நட்டு முடிச்சிட்டுத்தானே உங்கப்பன் நம்ம தெருவுக்கு வருவான்? அத்தை விசிறுறேன், நீ ம் கொட்டு. ம் நின்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு அஞ்சலாட்சி இருந்தா. கடலோரத்து ஊரு. புயல் வருதுன்னு டம் டம் டம்னு தண்டோரா போட்டாங்க. அவ புருஷன் தேசிங்கு, படகை ஆத்துக்குள்ள கொண்டுபோய்க் கட்டிட்டு வரேன்னு கிளம்பினான். போறப்ப ஒண்ணு சொன்னான். "இருட்டினதும் வாசல்ல விளக்கை மாட்டு. தண்ணி ஏறிட்டா எது பாதை, எது வாய்க்கால்னு தெரியாது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நான் வரணும்."

ம்?

அப்புறம் அஞ்சலாட்சி சும்மா இருப்பாளா? பழைய வலையைக் கூரை மேல விரிச்சு, சுத்தியும் முளை அடிச்சு இழுத்துக் கட்டினா. கட்டில் காலுக்குச் செங்கல் வச்சா. குடம், தவலை, அண்டா, ஒண்ணு விடாம நல்ல தண்ணி பிடிச்சா. அவலையும் வெல்லத்தையும் உறியில தொங்கவிட்டா. அரிக்கேனைத் துடைச்சு எண்ணெய் ஊத்தினா. தீப்பெட்டியை மட்டும் எங்கேயும் வைக்க மனசு வரல. இடுப்புல செருகிக்கிட்டா.

பக்கத்துப் பள்ளத்துல கண்ணாயிரம்னு ஒரு தாத்தா, ஒரு ஆட்டை வச்சுக்கிட்டு ஒண்டியா இருந்தாரு. சுருட்டைப் புகைச்சுக்கிட்டு இவளைப் பார்த்துச் சிரிச்சாரு. "புயலுக்கு விருந்தா வைக்கிற நீ?"ன்னு கேட்டாராம். இவளுக்கு வாய் நீளமாச்சே, நாளைக்கு என் வாசலுக்குத்தான் வருவீருன்னு சொல்லிட்டா.

அப்போ முதல்ல வந்துச்சு காத்து. ஊஊஊஊ. கூரையைப் பிடிச்சு உலுக்குச்சு. வலை விடல. போடின்னுட்டுப் போயிடுச்சு.

அப்புறம் வந்துச்சு தண்ணி. சளக், சளக், சளக். இவ வீடு மேட்டுல இருக்கு, கட்டிலைத் தொடல. ஆனா பள்ளத்துலேருந்து "ம்மே... ம்மே"ன்னு ஆடு கத்துற சத்தம். அஞ்சலாட்சி தலையில அடிச்சுக்கிட்டா. அடிச்சுக்கிட்டே இறங்கிட்டா. இடுப்பளவுத் தண்ணியில போயி, ஒரு கையில ஆட்டையும் ஒரு கையில தாத்தாவையும் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து கட்டில்ல ஏத்தினா. வழி பூரா திட்டு. ஆடுதான் பதில் சொல்லுச்சு.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

மூணாவதா வந்துச்சு இருட்டு. அதுக்குச் சத்தமே கிடையாது. காத்தையும் தண்ணியையும் அது முன்னால அனுப்பிட்டுப் பின்னால வரும். அஞ்சலாட்சி இடுப்புலேருந்து தீப்பெட்டியை எடுத்தா. கூழாப் போயிருந்துச்சு. ஒரு குச்சி உரசினா, நசக். இன்னொண்ணு, நசக். மூணாவது குச்சி கையிலேயே பிஞ்சு போச்சு. அவ்வளவு பண்ணினவ, அப்பத்தான் அழுதா. அவரு எந்தப் பக்கம் நடக்கிறாரோ, வாய்க்கால்ல காலை வச்சிடுவாரேன்னு அழுதா.

"அழுவாத பாப்பா"ன்னாரு கண்ணாயிரம் தாத்தா. மெதுவா முண்டாசை அவுத்தாரு. உள்ள ஒரு பால் கவரு. அதுக்குள்ள ரெண்டு சுருட்டு, ஒரு தீப்பெட்டி. உச்சந்தலையில இருந்ததால ஒரு பொட்டு ஈரம் படல.

"புயலுக்குன்னு வைக்கல, சுருட்டுக்குத்தான் வச்சேன்"னாரு. "நீ மட்டும் இறங்கி வரலைன்னா என்னோட இதுவும் தண்ணியில போயிருக்கும்."

சர்ர்ர். பத்திக்கிச்சு. வாசல்ல விளக்கை மாட்டிட்டு உட்கார்ந்தா. உட்கார்ந்தா, உட்கார்ந்தா, உட்கார்ந்துக்கிட்டே இருந்தா. அப்போ ஆடு காதைத் தூக்குச்சு. சளக், சளக்.

"அஞ்சல, விளக்கைக் கொஞ்சம் தாழ்த்து. கண்ணு கூசுது"ன்னு தேசிங்கு குரல்.

அவ விளக்கைத் தாழ்த்தினா. உறியை இறக்கி, அவலைப் பிசைஞ்சு நாலு பங்கு வச்சா. ஆட்டுக்கும் சேர்த்துத்தான்.

என்னடி கேக்குற? அப்பா வந்துருவாரான்னா? வருவான். ஜன்னலைப் பாரு, நம்ம விளக்கு எரியுது. தீப்பெட்டி அரிசிப் பானைக்குள்ள இருக்கு. இன்னொண்ணை எதிர்வீட்டு ராக்கம்மாகிட்டயும் குடுத்திருக்கேன். எனக்கும் பயம் இருக்குடி, அவன் என் தம்பியில்ல? ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுட்டு வர்றவனுக்கு, அவன் வீட்டுல ஒரு விளக்கு எரிய வேணாமா? அதான் நான் முழிச்சிருக்கேன்.

கதை கரை ஏறிடுச்சு. நீ கண்ணை மூடு, தங்கம்.