அம்மியில் ஒரு வெள்ளைக் கோடு

உங்கள் வீட்டு அம்மியில் குறுக்கே வெள்ளைக் கோடு ஏதாவது ஓடுகிறதா, பார்த்ததுண்டா? இல்லையென்றால் இன்றைக்குச் சட்னி அரைக்கும் முன் ஒரு தடவை பாருங்கள்.

வேலை பார்த்த மில் மூடியபின் கல்வேலை கற்க வந்தவர் அங்கமுத்து. கற்றுக்கொடுத்த வேலுத்தாயி அவரைவிட வயதில் இளையவள். அவர் அவளை ஆசான் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவர் மகள் செவ்வந்திக்கு மறுநாள் கல்யாணம். இரண்டாம் கல்யாணம். முதலாவது ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. இந்த முறை அவள் மிதிக்கிற அம்மியை நான்தான் கொத்துவேன் என்று அங்கமுத்து பிடிவாதமாக நின்றார். கொத்தி முடித்து மேல்பக்கத்தைத் தேய்த்தபோதுதான் கோடு தெரிந்தது. விரிசல் விட்ட அம்மியை யார் மணவறையில் வைப்பார்கள்? போதாததற்குச் சம்பந்தியம்மா எதற்கெடுத்தாலும் சகுனம் பார்க்கிறவர்.

யாரிடமும் சொல்லாமல் கல்தூளைப் பசையில் குழைத்துக் கோட்டின்மேல் அப்பினார். காய்ந்ததும் உதிர்ந்தது. மறுபடி அப்பினார், அதுவும் உதிர்ந்தது. வேறு வழியில்லாமல் வேலுத்தாயியைக் கூட்டி வந்தார். செவ்வந்தியும் மருதாணிக் கையோடு வந்து நின்றாள்.

வேலுத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன அண்ணே, அம்மிக்குப் பவுடர் போட்டு வச்சிருக்கீங்க?”

“கேலி பண்ணாதீங்க ஆசான். உடைஞ்ச கல்லு. எம் பொண்ணு இதை எப்படி மிதிப்பா?”

அவள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தாள். சற்று நேரத்தில் கல் முழுக்க ஒன்றுபோலக் காய்ந்தது. விரிசலாக இருந்தால் அந்த இடம் மட்டும் ஈரத்தைக் குடித்துவிட்டுக் கறுத்து நிற்கும் என்றாள்.

“நீங்க அப்பின தூளு ஏன் நிக்கலை? உள்ளே போக இடமே இல்லை. கொத்தும்போது இந்த இடத்துல உளி என்ன பண்ணுச்சு?”

“முனை மழுங்குச்சு. எடுத்துட்டுப் போய்த் தீட்டினேன்.”

“பின்னே? விரிசலா இருந்தா உளி உள்ளே இறங்கியிருக்கும்ல?”

அங்கமுத்து கோட்டை விரலால் தடவினார்.

“அப்போ இது உடையவே இல்லையா?”

“உடைஞ்சதுதான் அண்ணே. பூமிக்கடியில, மனுசங்களே பிறக்காத காலத்துல. கொதிக்கிற தண்ணி வழியில இருந்த கல்லையெல்லாம் கரைச்சு, அந்த வெடிப்புல கொண்டுவந்து விட்டுச்சு. அது இறுகி வெங்கச்சங்கல்லா, வெள்ளைப் படிகமா ஆயிருச்சு. இன்னைக்கு இந்த அம்மியில கெட்டியான இடம் அதுதான்.”

அப்படியும் அங்கமுத்து, எதற்கும் சம்பந்தியம்மா கண்ணில் படாமல் அந்த இடத்தில் மட்டும் மஞ்சளைத் தடிமனாகப் பூசிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

செவ்வந்தி குனிந்து கல்லைப் பார்த்தாள்.

“வேண்டாம்ப்பா. நான் கால் வைக்கிற இடத்துல அந்தக் கோடு வர்ற மாதிரி வைங்க.”